வீட்டிற்கு ஏற்ற தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் என்னும் கருவி நம் வீடுகளில் நெடுநாளாகவே குடியிருந்து வருகிறது. அதன் பெயரை அறியாமலேயே நாம் அதனிடம் வேலை வாங்கி வருகிறோம். மின்சார இஸ்திரிப் பெட்டியின் சிறு விளக்கு எரிவதையும் அணைவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளிர்பதனப் பெட்டி சற்று நேரம் உறுமி ஓய்ந்து, மீண்டும் உறுமத் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். குளியலறையில் உள்ள கீசர், தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் தானாகவே ஓய்ந்துவிடுகிறது. இவை ஒவ்வொன்றினுள்ளும் அமர்ந்து, 'போதும்' என்றும் 'மீண்டும் தொடங்கு' என்றும் ஆணையிடுகின்ற அந்தச் சிறு கருவிக்கே தெர்மோஸ்டாட் என்று பெயர். வெப்பம், நிலைத்து நிற்பது என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்கள் இணைந்து பிறந்த பெயர் இது. ஸ்காட்லாந்து நாட்டு வேதியியல் அறிஞராகிய ஆண்ட்ரூ யூர் என்பவர், 1830ஆம் ஆண்டில் தாம் காப்புரிமை பெற்ற கருவிக்கு இப்பெயரைச் சூட்டினார்.

இன்று இக்கருவியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நகரங்களில் மட்டுமே காணப்பட்ட குளிர்சாதன இயந்திரம், அதாவது ஏ.சி., இப்பொழுது எங்கள் காவாந்தண்டலத்தைப் போன்ற சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. கத்தரி வெயிலின் இரவுகளில் முதியவர்களும் குழந்தைகளும் உறங்க வேண்டுமே என்ற கவலையினால், தவணை முறையிலாவது அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னாலேயே வேறொரு பொருளின் விளம்பரமும் வருகிறது. நேரத்திற்கு ஏற்றவாறு திட்டமிட்டு இயங்குவது, கம்பியின்றித் தொலைவிலிருந்தே கட்டுப்படுவது, மின் கட்டணத்தைக் குறைப்பது என்றெல்லாம் புகழப்படும் தனித் தெர்மோஸ்டாட் அது. இதை வாங்கத்தான் வேண்டுமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஒரு குடும்பத்தின் பணமும் உறக்கமும் இக்கேள்விகளில் அடங்கியிருப்பதால், மாணவர்களாகிய நீங்கள் இதற்கு விடை கூற அறிந்திருப்பது நலம். பாகை என்று நான் கூறுமிடமெல்லாம் செல்சியஸ் பாகையைக் கொள்க.

முதலில் இக்கருவி செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். கிராமத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நீர் ஒரு கீழ்க்கோட்டிற்கு இறங்கியதும் மோட்டாரை ஓடவிடுகிறார். மேற்கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுகிறார். கோடு ஒன்று மட்டுமே இருந்தால் அவர் பாடு என்ன ஆகும்? ஒரு குடம் நீர் குறைந்தவுடன் மோட்டாரைப் போட வேண்டும். அக்குடம் நிரம்பியவுடன் அணைக்க வேண்டும். நாள் முழுவதும் சுவிட்சின் அருகிலேயே நிற்க வேண்டியதுதான். மோட்டாரும் விரைவில் பழுதாகிவிடும். ஆகையால் இரண்டு கோடுகளும் அவற்றிற்கு நடுவே ஓர் இடைவெளியும் தேவைப்படுகின்றன. தெர்மோஸ்டாட்டும் இவ்வாறே இரண்டு எண்களைக் கொண்டு இயங்குகிறது. நாம் விரும்பும் வெப்பநிலை ஒன்று. தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு மற்றொன்று. விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டுமே பேசும். வாங்குகிறவர் இரண்டாம் எண்ணையும் கேட்டு அறிய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் வெப்பத்தையோ குளிரையோ உண்டாக்குவதில்லை. ஒரே வேகத்தில் இயங்கும் பழைய வகைக் குளிர்சாதனத்தில் 16 பாகை என்று அமைத்தாலும், 26 பாகை என்று அமைத்தாலும், அறை குளிரும் வேகம் ஒன்றே. எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. விரைவாகக் குளிரட்டும் என்று 16 பாகையில் வைத்துவிட்டு உறங்குகிறவர், இயந்திரத்தை நிற்கவே விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நள்ளிரவில் விழித்துக் கம்பளியைத் தேடுகிறார்.

இக்கருவியின் வரலாற்றில் நம் சிற்றூர்களுக்கும் பள்ளிகளுக்கும் உறவுடைய இரண்டு செய்திகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த கார்னெலிஸ் டிரெபெல் என்ற டச்சு நாட்டவர், கோழி முட்டைகளைப் பொரிக்கச் செய்வதற்காகத் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பு ஒன்றை அமைத்தார். சூடு மிகுந்தால் ஒரு குழாயிலுள்ள சாராயம் விரியும்; அது பாதரசத்தைத் தள்ளும்; பாதரசம் காற்று வழியைக் குறுக்கும்; தீ தணியும். சூடு குறைந்தால் எல்லாம் எதிர்த்திசையில் நிகழும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்னும் ஆசிரியரின் கதை வேறு வகையானது. குளிர் நாடாகிய அங்கே வகுப்பறைகளைச் சூடாக்க வேண்டும். பணியாளர் ஒருவர் ஒவ்வொரு வகுப்பிற்கும் வந்து வெப்பமானியைப் பார்த்துச் சென்ற பின்னரே கீழ்த்தளத்தில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது. பாடத்திற்கு நேர்ந்த இந்த இடையூற்றை நீக்க முயன்ற ஜான்சன், அறையின் வெப்பநிலையை மின்சாரத்தின் வழியே கீழ்த்தளத்திற்கு அறிவிக்கும் கருவியை அமைத்து, 1883ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

தெர்மோஸ்டாட் வெப்பத்தை உணரும் வழிகளுள் மூன்று முக்கியமானவை. இரண்டு வேறு உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டினால், சூட்டில் ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் நீளும். அதனால் தகடு வளைந்து மின் இணைப்பைத் துண்டிக்கும். இஸ்திரிப் பெட்டியில் இருப்பது இதுவே. வாயுவோ திரவமோ நிரப்பிய ஒரு சிறு குமிழ், வெப்பத்தினால் அழுத்தம் மிகுந்து சுவிட்சைத் தள்ளுவது இரண்டாவது. பல குளிர்பதனப் பெட்டிகளில் இவ்வகை உண்டு. மூன்றாவது தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்தடை. வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் வகையே மிகுதியாகப் பயன்படுகிறது. 25 பாகையில் 10,000 ஓம் தடையுள்ள தெர்மிஸ்டர் மிகவும் பரவலானது. அத்தடையை ஒரு சிறு மின்னணுச் சில்லு அளந்து, எண்ணாக மாற்றிக் காட்டி, ரிலே என்னும் சுவிட்சை இயக்கும். இன்று குறைந்த விலையில் கிடைக்கும் எண்காட்டித் தெர்மோஸ்டாட்டுகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு.

முதற்கேள்வி, எதை அடக்குவதற்காக வாங்குகிறோம் என்பது. குளிர் நாடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே வெப்ப அமைப்பு இருக்கும். சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் அதை ஆளும். அத்தகைய கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கிவந்து கொடுத்தாலும், நம் அறைச் சுவரிலுள்ள ஸ்பிளிட் ஏ.சி.யோடு அதை நேரே இணைக்க இயலாது. நமக்கு வேண்டியது, ஏ.சி.யின் ரிமோட் அனுப்புகின்ற அகச்சிவப்பு ஒளிக் குறிப்புகளைத் தானும் அனுப்பவல்ல ஒரு கட்டுப்படுத்தி. அதுவும் அறையின் வெப்பநிலையைத் தானே அளக்கும் வகையாக இருத்தல் வேண்டும். அளக்காமல் ஆணை மட்டும் அனுப்புகிற கருவி, தொலைவிலிருந்து இயங்கும் ரிமோட்டே தவிரத் தெர்மோஸ்டாட் ஆகாது.

இரண்டாம் கேள்வி, அது எந்த இடத்தின் வெப்பத்தை அளக்கிறது என்பது. ஏ.சி.யின் உட்பகுதி சுவரில் உயரமான இடத்தில் இருக்கிறது. அதன் உணர்கருவியும் அங்கேயே காற்றை உள்ளிழுக்கும் வாயில் இருக்கிறது. நாமோ கீழே கட்டிலில் படுத்திருக்கிறோம். வெப்பக் காற்று மேலே நிற்பது. குளிர்ந்த காற்று கீழே இறங்குவது. என் வீட்டில் ஒரு வெப்பமானியை ஏ.சி.யின் அருகிலும், மற்றொன்றைத் தலையணைக்கு அருகிலும் வைத்துப் பார்த்தபொழுது, மின்விசிறி ஓடாத வேளையில் இரண்டு பாகை வேறுபாட்டைக் கண்டேன். மின்விசிறியை மெல்ல ஓடவிட்டதும் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது. கம்பியில்லாத் தெர்மோஸ்டாட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. உணர்கருவியை உறங்குகிறவரின் அருகிலேயே வைக்கலாம். சில ஏ.சி.களின் ரிமோட்டிலேயே இத்தகைய உணர்கருவி அமைந்திருக்கிறது. உரிய பொத்தானை அழுத்தினால், ரிமோட் இருக்குமிடத்து வெப்பநிலையைக் கொண்டு இயந்திரம் இயங்கும். உங்கள் வீட்டுக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். வாங்க நினைத்த கருவி ஏற்கெனவே கையில் இருத்தலும் கூடும்.

மூன்றாம் கேள்வி, முன்னர்க் கூறிய வேறுபாடு எவ்வளவு என்பது. அறைக்கு ஒரு பாகை வேறுபாடு தாராளமாகப் போதும். அதைக் கால் பாகையாகக் குறைத்தால் ஒரே வேக இயந்திரம் அடிக்கடி நின்று ஓட நேரும். ஆனால் டிரெபெலின் வேலையையே நம் ஊரில் செய்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். நாட்டுக்கோழி வளர்ப்போர் சிலர், ஒரு பெட்டியும் விளக்குகளும் சிறு விசிறியும் சில நூறு ரூபாய்த் தெர்மோஸ்டாட்டும் கொண்டு அடைகாப்பான் செய்துகொள்கிறார்கள். விசிறியுள்ள பெட்டியில் 37.5 பாகையை ஒட்டியே 21 நாட்கள் காக்க வேண்டும். சூடு ஓரிரு பாகை மிகுந்து நெடுநேரம் நின்றாலே கருக்கள் மடியும். எனவே அங்கே அரைப் பாகைக்கும் குறைந்த வேறுபாடு வேண்டும். கருவி ஒன்றே ஆயினும் அமைப்பு வேறு. பிழையின் விலையும் வேறு. அறையில் பிழைத்தால் வியர்க்கும். பெட்டியில் பிழைத்தால் மூன்று வாரத்து உழைப்பு போகும்.

நான்காம் கேள்வி, எவ்வளவு மின்னோட்டத்தை அது தாங்கும் என்பது. இயற்பியல் வகுப்பில் படித்த வாய்பாடு இங்கே உதவும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். 3,000 வாட் கீசரோ 13 ஆம்பியர் எடுக்கும். மலிவான கருவிகளின் ரிலே பெரும்பாலும் 10 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டிருக்கும். முன்னதற்கு அது விளிம்பு. பின்னதற்கு அது ஆபத்து. ரிலேயின் முனைகள் சூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், தெர்மோஸ்டாட் 'போதும்' என்று ஆயிரம் முறை சொன்னாலும் மின்சாரம் நிற்காது. இதனால்தான் நல்ல கீசரில் தெர்மோஸ்டாட்டைத் தவிர வேறொரு வெப்பத் துண்டிப்பானும், அழுத்தம் நீக்கும் வால்வும் வைக்கிறார்கள். சூடேற்றும் எந்தக் கருவிக்கும் இரண்டாவது காவல் ஒன்று வேண்டும் என்பதை மறவாதீர்கள். அடைகாப்பான் செய்கிறவர்களும் ஒரு வெப்ப உருகியைச் சேர்த்துக்கொள்வது நலம். ஏ.சி.யையோ ரிலே வழியாக அணைத்து ஏற்றுதல் கூடவே கூடாது. அதன் கம்ப்ரஸர் நின்றபின் மீண்டும் ஓடுவதற்குச் சில நிமிட ஓய்வு வேண்டும். இன்வெர்ட்டர் வகையோ தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவது. வெளியிலிருந்து அதன் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் போக்கையே கெடுப்பதாகும்.

கம்பியில்லா முறையைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். இப்பேச்சை உங்களிடம் சேர்க்கும் வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த அலைகளே அங்கும் பணிபுரிகின்றன. விலை குறைந்த வைஃபை கருவிகள் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். வீட்டிலுள்ள இணையப் பெட்டி அதை வழங்குகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இணையம் அறுந்துபோனால் கருவி தன் அட்டவணையைத் தானே நினைவில் வைத்து நடத்துமா, மின்சாரம் போய் வந்தபின் பழைய அமைப்பு நிற்குமா, உணர்கருவியின் பாட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்னும் மூன்றையும் கடையிலேயே கேளுங்கள். மின்தடை புதிதல்லாத கிராமத்தில், மின்சாரம் வந்தவுடன் அனைத்தையும் மறந்து நிற்கும் கருவியினால் பயனில்லை. அகச்சிவப்புக் கட்டுப்படுத்திக்கு ஒரு குறையும் உண்டு. அது ஆணையை அனுப்புமே தவிர, இயந்திரம் கேட்டதா என்பதைப் பெரும்பாலும் அறியாது. நடுவே ஓர் அலமாரி மறைத்தால் ஆணை வீணாகும். ஆகவே இயந்திரத்தை நேரே காணும் இடத்தில் அதை வைக்க வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம், ஏ.சி.யின் அமைப்பை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று கூறுகிறது. நட்சத்திரக் குறியிட்டு விற்கப்படும் அறைக் குளிர்சாதனங்கள் முதன்முதல் இயக்கும்பொழுது 24 பாகையில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு டன் ஏ.சி. ஒன்று 24 பாகையில் ஓரிரவுக்கு 5 யூனிட் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். அதை 26 பாகையாக உயர்த்தி மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால், 12 விழுக்காடு, அதாவது 0.6 யூனிட் குறையும். 100 இரவுகளுக்கு 60 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் 480 ரூபாய். மின்விசிறியின் செலவை இதில் கழிக்கவில்லை. இன்று கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி முழு வேகத்திலும் 30 வாட் அளவில்தான் எடுக்கும் என்பதால் கணக்கு பெரிதும் மாறாது.

இந்த மிச்சத்தை ஒரு கருவி தேடித்தர வேண்டும் என்று அதற்கு 2,000 ரூபாய் கொடுத்ததாக நினைப்போம். அக்கருவி இரவும் பகலும் விழித்திருந்து ஒரு வாட் எடுத்தாலும், ஆண்டிற்கு ஏறக்குறைய 9 யூனிட்டை அதுவே உண்டுவிடும். எஞ்சுவது 51 யூனிட், 408 ரூபாய். போட்ட முதல் திரும்ப ஏறத்தாழ ஐந்து கோடைகள் ஆகும். அதே மிச்சத்தை ரிமோட்டின் பொத்தானை இருமுறை அழுத்தியே, ஒரு காசும் செலவின்றிப் பெறலாம் அன்றோ? விடியற்காலை நான்கு மணிக்கு இயந்திரம் நிற்குமாறு அதன் டைமரை அமைத்தால் மிச்சம் இன்னும் கூடும். இரவு செல்லச் செல்ல வெப்பநிலையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் 'ஸ்லீப்' என்னும் அமைப்பும் பல இயந்திரங்களில் உண்டு. திட்டமிட்டு இயங்கும் தெர்மோஸ்டாட் என்று தனியே விற்கப்படுவதன் பெரும்பகுதி இவ்விரண்டிலேயே அடங்கிவிடுகிறது.

அப்படியானால் அக்கருவி யாருக்கும் வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ரிமோட்டை இயக்க இயலாத முதியவர் தனியே உறங்கும் அறை, பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு கவனிக்க வேண்டிய பெற்றோரின் வீடு, அணைக்க மறந்து பகலெல்லாம் ஏ.சி. ஓடும் அலுவலகம் ஆகிய இடங்களில் அது தன் விலைக்குரிய வேலையைச் செய்யும். முதியவர் அறையின் வெப்பம் 35 பாகையைத் தாண்டியதென்று வெளியூரிலுள்ள மகளின் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வருமானால், அதன் பயனை ரூபாயில் மட்டும் கணக்கிடுவது பொருந்தாது. எனினும் ஓர் எச்சரிக்கை. அறையின் வெப்பநிலையை மட்டும் அளக்கும் கருவி காற்றின் ஈரத்தை அறியாது. 32 பாகையே ஆனாலும் ஈரம் மிகுந்த இரவில் வியர்வை உலராது, உடல் தளரும். ஆகையால் முதியோர் அறைக்கு வாங்குவதானால் ஈரப்பதத்தையும் காட்டும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழும் தகரக் கூரையின் கீழ் எந்தத் தெர்மோஸ்டாட்டும் தடுமாறும். அங்கே முதற்செலவு கூரைக்கு வெள்ளை பூசுவதாகவே இருக்கட்டும்.

மாணவர்களே, இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். நூறு, இருநூறு ரூபாயில் கிடைக்கும் இரண்டு வெப்பமானிகளை வாங்குங்கள். ஒன்றைக் கட்டிலருகிலும் ஒன்றைச் சுவரின் மேலும் வைத்து, ஒரு வாரம் 24 பாகையிலும் மறுவாரம் 26 பாகையிலும் ஏ.சி.யை இயக்குங்கள். ஒவ்வொரு நாளும் மாலையிலும் காலையிலும் மின் அளவியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.சி. இல்லாத வீடாயின், மின்விசிறியையும் சன்னல்களையும் கொண்டே இச்சோதனையைச் செய்யலாம். வீட்டிலுள்ளோர் எந்த இரவில் நன்கு உறங்கினர் என்பதையும் எழுதிவையுங்கள். பதினான்கு நாட்களின் அந்தச் சிறு அட்டவணையைப் பெற்றோரிடம் காட்டிய பின்னர், கருவி வேண்டுமா என்று குடும்பத்தோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள்.